ஒரு ஜிபி ராமில் ஒரு முழு யூனிக்ஸ்

பாலக்கோட்டில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு டேலி, டிடிபி, டைப்பிங் என்று வருபவர்கள்தான் அதிகம். கல்லூரி திறந்த பிறகு பி.எஸ்சி., பி.சி.ஏ. படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்கு யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஒரு பேப்பர். இந்த வருஷம் மாரண்டஅள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஹூ கட்டளை என்று தலைப்பு போட்டு, கீழே அவுட்புட் என்று நான்கு பெயர்கள் எழுதியிருந்தாள்.

“யாரு பாப்பா இவங்கல்லாம்?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. சீனியர் நோட்ல இருந்துச்சு, பார்த்து எழுதிட்டோம்.”

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் படிக்கும் கல்லூரி லேபில் யூனிக்ஸ் ஓடும் கணினியே கிடையாது. ஆனால் பரீட்சைக்கு முன்னால் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும், அந்தப் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? இந்தக் கணினியில் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்பதற்காக இருக்கும் கட்டளை அது. அதைப் போய் வேறொரு நோட்டைப் பார்த்து எழுத வைத்தது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பிலேயே, விண்டோஸை அழிக்காமல், ஒரு முழு யூனிக்ஸை நீங்களே நிறுவிக்கொள்ளலாம். ரெடிமேடாக இறக்கிக்கொள்வதைவிட நீங்களே நிறுவுவதுதான் படிப்பு என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பல பேர் வீட்டில் இருப்பது அரசு கொடுத்த இலவச லேப்டாப். அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தது, இப்போது தங்கை கைக்கு வந்திருக்கும். பேட்டரி நிற்காது, எப்போதும் சார்ஜரில்தான் இருக்க வேண்டும். ராம் நான்கு ஜிபி. விண்டோஸ் போக மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். உபுண்டு டெஸ்க்டாப்பை வர்ச்சுவல் மெஷினில் (விண்டோஸுக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியில்) போட்டால் அதற்கே நான்கு ஜிபி கேட்கும். அதனால் நான் யூனிக்ஸ் வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தேன். வரைகலைத் திரை இல்லாமல், வெறும் எழுத்துத் திரையில், ஒரு ஜிபி ராமில் அது நன்றாகவே ஓடும்.

ராம் மட்டும் காரணம் இல்லை. 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 என்ற கணினியில் தொடங்கிய யூனிக்ஸ், 1973-இல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை காரணமாக பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி அப்போது கணினித் தொழிலில் இறங்க முடியாமல் இருந்தது. அதனால் மூல நிரலோடு சேர்த்தே யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். பெர்க்லியில் அதை வாங்கிய பில் ஜாயும் மற்றவர்களும் தங்கள் வேலைகளைச் சேர்த்து 1978-இல் வெளியிட்டதுதான் முதல் பிஎஸ்டி, அதாவது பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன். அந்த வழியில் வந்தது 1993-இல் பிறந்த ஃப்ரீபிஎஸ்டி. யூனிக்ஸ் என்ற பெயர் தி ஓப்பன் குரூப்பின் வணிகக்குறி, ஃப்ரீபிஎஸ்டி அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் வம்சம் அதுதான். இயங்குதளத்தின் மையமான கர்னலும், கேட், எல்எஸ், ஹூ போன்ற கட்டளைகளும், அவற்றின் கையேடுகளும் ஒரே குழுவால் ஒரே மூல நிரல் தொகுப்பில் பராமரிக்கப்படுகின்றன. படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய வசதி. கையேட்டில் ஒன்றும் திரையில் ஒன்றுமாகக் குழப்பாது.

வர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணின் அப்பா ஒருநாள் கேட்டார். விடியற்காலையில் தக்காளியை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அப்படியே மகளைச் சென்டரில் விட்டுப் போக வந்திருந்தார். “நாலு ஏக்கர்ல ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விடுற மாதிரிங்கண்ணா” என்றேன். “அந்த ஒரு ஏக்கர்ல அவங்க என்ன பயிர் வேணா வெச்சுக்கலாம், வரப்பைத் தாண்டி நம்ம காட்டுக்குள்ள வர முடியாது. குத்தகை முடிஞ்சா நிலம் நமக்கே.” அவர் உடனே கேட்டார், “அப்ப தண்ணி?” சரியான கேள்வி. பிராசசரும் நெட்டும் பொதுக் கிணறுதான், இரண்டு பக்கமும் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

வர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். நிறுவுவதற்கு முன்னால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) வர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றும் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் ஓடும்போது ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை நிறத்தில் ஒரு ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த வர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசசரின் அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மெஷின் ஓடும், ஆனால் மெதுவாக. பழைய லேப்டாப்பில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஃப்ரீபிஎஸ்டி தளத்தில் 14 வரிசையில் டிஸ்க்1 என்ற ஐஎஸ்ஓவை (நிறுவும் டிஸ்க்கின் நகல் கோப்பை) எடுங்கள். 14 வரிசைக்கு 2028 நவம்பர் வரை ஆதரவு உண்டு. பூட்ஒன்லி என்று சின்ன ஐஎஸ்ஓவும் இருக்கிறது, ஆனால் அது நிறுவும் நேரத்தில் மற்றதையெல்லாம் நெட்டிலிருந்து இழுக்கும். எங்கள் ஊரில் சாயங்காலம் நெட் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். டிஸ்க்1-ஐ ஒரு தடவை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கலாம். இறக்கிய கோப்பு சேதமில்லாமல் வந்ததா என்று, கோப்பின் கைரேகை மாதிரியான ஷா256 எண்ணைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். விண்டோஸிலேயே அதற்கு செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது.

புதிய மெஷின் உருவாக்கும்போது வகை பிஎஸ்டி, பதிப்பு ஃப்ரீபிஎஸ்டி 64-பிட். ஐஎஸ்ஓவை அங்கேயே காட்டினால், அன்அட்டெண்டட் நிறுவலைத் தவிர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்துவிடுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ராம் 1024 எம்பி, பிராசசர் ஒன்று, டிஸ்க் 16 ஜிபி. டிஸ்க்கை முழு அளவுக்கும் முன்கூட்டியே ஒதுக்கும் கட்டத்தை மட்டும் டிக் செய்யாதீர்கள். அப்போதுதான் உள்ளே எழுதப்படும் அளவுக்கு ஏற்ப அது வளரும்.

நிறுவி கேட்கும் கேள்விகளை நான் அவசரப்படுத்துவதே இல்லை. முதலில் ஹோஸ்ட்நேம். மாரண்டஅள்ளிப் பெண் ஆங்கில எழுத்தில் தகடூர் என்று வைத்தாள். அதியமான் ஆண்ட ஊர், நம் தருமபுரியின் பழைய பெயர். அந்தப் பெயர் பிறகு திரையில் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் எந்தெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்ற பட்டியல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எஸ்ஆர்சி என்பதை மட்டும் டிக் செய்யச் சொல்வேன். அதுதான் மொத்த இயங்குதளத்தின் மூல நிரல். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து டிஸ்க் பிரிப்பது. எல்லாரும் பயப்படும் இடம் இது. நிஜமான லேப்டாப்பில் தவறான பொத்தானை அழுத்தினால் அண்ணன் கல்யாணப் படங்கள் போய்விடும். இங்கே டிஸ்க் என்பது விண்டோஸில் இருக்கும் ஒரே ஒரு கோப்பு, எதை அழித்தாலும் அதற்குள்தான். ஆட்டோ இசட்எஃப்எஸ், ஆட்டோ யூஎஃப்எஸ் என்று இரண்டு வரும். இசட்எஃப்எஸ் அருமையான கோப்பு முறைமை, ஆனால் ராம் தாராளமாக இருந்தால்தான் அதற்கு அழகு. ஒரு ஜிபிக்கு யூஎஃப்எஸ்தான் சரி. என்டயர் டிஸ்க், ஜிபிடி என்று கொடுத்ததும் திரையில் மூன்று வரிகள் தெரியும். ஏடிஏ0பி1 பூட் செய்வதற்கு. ஏடிஏ0பி2 யூஎஃப்எஸ். ஏடிஏ0பி3 ஸ்வாப், ராம் போதாதபோது கைகொடுக்கும் இடம். இந்த இடத்தில் நிறுத்தி, அந்த மூன்று வரிகளையும் ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்வேன். அவள் கண்ணால் பார்த்து எழுதிய முதல் அவுட்புட் அதுதான்.

ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) கடவுச்சொல், நெட்வொர்க், நேர மண்டலம் இவையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். நெட்வொர்க் கார்டு இஎம்0 என்று தெரியும். ஐபிவி4, டிஎச்சிபி இரண்டுக்கும் ஆம் சொன்னால் போதும். நேர மண்டலத்தில் ஆசியா, இந்தியா என்று போனால் ஐஎஸ்டி சரியா என்று கேட்கும். சேவைகள் பட்டியலில், வேறு கணினியிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்எச்டி கண்டிப்பாக இருக்கட்டும். பயனர் சேர்க்கும்போது, வேறு குழுக்களில் சேர்க்கவா என்ற கேள்விக்கு வீல் என்று பதில் கொடுங்கள். அந்தக் குழுவில் இல்லாதவர் எஸ்யூ கொடுத்து ரூட் ஆக முடியாது. கடைசியில் ரீபூட் ஆகும்போது ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறுவி திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

லாகின் என்று வந்து நிற்கும். உள்ளே போனதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். இனிமேல் எதை உடைத்தாலும் இந்த இடத்துக்குத் திரும்பி வரலாம்.

உடைத்துப் பார்க்கவும் வேண்டும். “அக்கா, எழுதிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போனா என்ன ஆவும்?” என்று அவள் கேட்டாள். பேட்டரி நிற்காத லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது நியாயமான கவலை. ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டு, பாதியில் மெஷின் ஜன்னலை மூடி, பவர் ஆஃப் என்பதைக் கொடுக்கச் சொன்னேன். கரண்ட் வயரைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான். திரும்ப ஓடவிட்டபோது, ரூட் கோப்பு முறைமை ஒழுங்காகக் கழற்றப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அடுத்து, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே தானாகவே இறங்கி ஜர்னலைப் படித்தது, அதிலிருந்த பதிவுகளைச் சரிசெய்தது, கோப்பு முறைமை சுத்தம் என்று குறித்துவிட்டு நகர்ந்தது. இதெல்லாம் கொஞ்ச நேர வேலைதான். என்ன நடக்கிறது என்றால், யூஎஃப்எஸ் தன் கணக்கில் செய்யப்போகும் மாற்றங்களை ஜர்னலில் குறித்து வைக்கிறது. கரண்ட் போனால் டிஸ்க் முழுவதையும் தேடாமல், அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துக் கணக்கை நேராக்கிவிடுகிறது. ஆனால் பாதியில் நின்ற கோப்பின் மீதிப் பாதியை அது கொண்டுவராது. எல்எஸ் போட்டு அந்தக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொன்னேன். மூலக் கோப்பைவிடக் குறைவாக இருந்தது. ஜர்னல் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பது அவளுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ரூட் கடவுச்சொல் மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். பூட் மெனுவில் இரண்டாவது தேர்வான சிங்கிள் யூசரில் நுழைந்து, ஷெல் கேட்கும்போது என்டர் தட்டி, மவுன்ட் கட்டளையை ஹைஃபன் யூவோடு ரூட் அடைவுக்குக் கொடுத்து எழுதும் நிலைக்குக் கொண்டுவந்து, பாஸ்வேர்டு கட்டளையை ஓட்டினால் முடிந்தது. கணினி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ரூட்டும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் என்ஏடி என்பதை அப்படியே வைத்து, போர்ட் ஃபார்வர்டிங்கில் வெளியே 2222, உள்ளே 22 என்று ஒரு விதி போடுங்கள். ஹோஸ்ட் ஐபி கட்டத்தைக் காலியாக விடுங்கள், விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள். அவ்வளவுதான். சென்டரில் அதே வைஃபையில் இருக்கும் மற்றக் கணினிகளிலிருந்தும் எஸ்எஸ்எச் வழியாக அந்த மெஷினுக்குள் வரலாம். விண்டோஸ் 10-இல் எஸ்எஸ்எச் ஏற்கெனவே இருக்கிறது, வேறு மென்பொருள் தேவையில்லை.

ஆட்யூசர் கட்டளையில் மற்றப் பிள்ளைகளுக்கும் கணக்கு திறந்தாள். ஆளுக்கொரு பயனர் பெயர், எல்லாம் அவரவர் ஊர்ப் பெயர்: வெள்ளிச்சந்தை, காரிமங்கலம், பஞ்சப்பள்ளி. ஒவ்வொருத்தியும் தன் மேசையிலிருந்து உள்ளே வந்தாள். அப்புறம் மாரண்டஅள்ளிக்காரி ஹூ என்று அடித்தாள். ஊர்கள் வரிசையாக வந்தன. அவள் மட்டும் டிடிஒய்வி0, அதாவது மெஷினின் சொந்தத் திரை. மற்றவர்கள் பிடிஎஸ்/0, பிடிஎஸ்/1 என்று நெட்வொர்க் வழியாக வந்தவர்கள். எழுந்து போய் ஒவ்வொரு மேசையாக நின்று யார் எந்த வரி என்று சரிபார்த்தாள். வெள்ளிச்சந்தை லாக்அவுட் செய்ததும் திரும்ப ஹூ அடித்தாள், ஒரு வரி குறைந்தது.

ரைட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, இன்னொருவர் திரையில் செய்தி எழுதுவதற்கு. அதைக் காட்டியதும் அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை. “சாப்டியா”, “நாளைக்கு பஸ் உண்டா” என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அங்குமிங்கும் பறந்தது. நான் தடுக்கவில்லை. ஒரு கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வதற்காகத்தான் யூனிக்ஸ் உருவானது. கையேட்டைப் பார்க்க மேன் ரைட் என்று அடித்துக் கடைசிவரை போனால், வரலாறு என்ற பகுதியில், இந்தக் கட்டளை முதல் பதிப்பு யூனிக்ஸிலேயே வந்தது என்று எழுதியிருக்கும். ஹூ கட்டளைக்கும் அதேதான். முதல் பதிப்பு 1971-இல் வந்தது. அந்த வருஷக் கட்டளை ஒன்றில்தான் பாலக்கோட்டில் இவர்கள் பஸ் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அனுமதிகள் பாடம் இங்கே தானாக வந்தது. காரிமங்கலம் எழுதி வைத்த ஒரு கோப்பை பஞ்சப்பள்ளி படித்துவிட்டாள். சண்டை. எழுதியவள் மட்டும் படிக்கவும் மாற்றவும் முடியும்படி சிஎச்மோடு 600 கொடுக்கச் சொன்னேன். திரும்பப் படிக்கப் பார்த்தபோது அனுமதி மறுப்பு. ரூட்டாக நுழைந்த மாரண்டஅள்ளி மட்டும் அதையும் படித்தாள். ஆறு, சுழியம், சுழியம் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரூட் என்பவர் எவ்வளவு பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

எஸ்ஆர்சியை ஏன் டிக் செய்யச் சொன்னேன் என்பது இதற்கு அடுத்த வாரம். யூஎஸ்ஆர் அடைவில் எஸ்ஆர்சி, அதில் பின், அதில் கேட் என்று இறங்கினால் கேட்.சி என்ற கோப்பு இருக்கும். பரீட்சைக்குக் கேட் என்றால் கோப்பைக் காட்டும் கட்டளை என்று ஒரு வரி எழுதுகிறோமே, அதைச் செய்யும் நிரல் இதோ, சில நூறு வரிகள். சி மொழியை முதல் வருஷமே படித்துவிட்டுத்தான் இவர்கள் வருகிறார்கள். திறந்து, படித்து, எழுதும் சுழற்சி எங்கே என்று தேடச் சொன்னேன். கண்டுபிடித்தாள். ஓப்பன், ரீடு, ரைட் மூன்றும் அவள் பாடப்புத்தகத்தில் சிஸ்டம் கால் என்ற தலைப்பில் பட்டியலாக இருப்பவை. அவை உண்மையான ஒரு நிரலில், தான் தினமும் அடிக்கும் கட்டளைக்குள்ளேயே இருப்பதை அன்றைக்குப் பார்த்தாள். ஒரு இயங்குதளம் தன் மூல நிரலைக் கூடவே வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது இப்படி ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

கூடுதல் மென்பொருள் வேண்டுமென்றால் பிகேஜி. முதல் தடவை அடிக்கும்போது பிகேஜியே இன்னும் நிறுவப்படவில்லை, நிறுவவா என்று கேட்கும், ஒய் கொடுங்கள். அதன் வழியாக வருவதெல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் போய்விடும், அடிப்படை அமைப்போடு கலக்காது. எது எங்கே இருக்கும் என்று மொத்தமாகத் தெரிந்துகொள்ள மேன் ஹையர் படியுங்கள். நிறுத்தும்போது ஷட்டவுன் ஹைஃபன் பி நவ்.

வீட்டுக்கு எடுத்துப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு, மெஷினை ஓவிஏ கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். ஆனால் நான் ஐஎஸ்ஓவைத்தான் கொடுக்கிறேன், வீட்டில் போய் ஒரு தடவை அவர்களே நிறுவட்டும் என்று. ஓவிஏதான் வேண்டும் என்பவர்கள் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொண்டு வாருங்கள். ஃபேட்32-இல் நான்கு ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது.